பல்லவர் குடும்பத்தின் கடைசி அத்தியாயம்

பல ஆண்டுகள் ஓடிய தொலைக்காட்சித் தொடர் முடியப்போகிறதென்றால் இல்லங்களில் ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். 2003 முதல் 2009 வரை 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளாக ஒளிபரப்பான 'கோலங்கள்' முடிந்தபோதும் அப்படித்தான். இறுதி வாரங்களில் எல்லோர் மனத்திலும் எழுவது ஒரே வினா: வீடும் பெயரும் கடைசியில் யாரைச் சேரும்?

மாமல்லபுரக் கடற்கரையில் நிற்கும்போது நமக்கும் இதே வினா எழுவதுண்டு. கல்கியின் தயவால் மகேந்திரரையும் மாமல்லரையும் நாமனைவரும் அறிவோம். 642இல் வாதாபி வீழ்ந்ததும், இராஜசிம்மன் கடற்கரைக் கோயிலை எழுப்பியதும் அக்குடும்பக் கதையின் உச்சக் காட்சிகள். முடிவைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை.

இரண்டாம் பரமேசுவரவர்மனோடு சிம்மவிஷ்ணுவின் நேர்வழி அற்றுப்போனது. அவருடைய தம்பி பீமவர்மன் வழிவந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் காஞ்சிக்கு அழைத்துவரப்பட்டு இரண்டாம் நந்திவர்மனாக முடிசூட்டப்பட்டான். அக்காட்சிகளை இன்றும் காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சிற்பங்களில் காணலாம். கிளை மாறியும் குடும்பம் நூற்றைம்பது ஆண்டுகள் தழைத்தது.

ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், குடந்தைக்கருகே திருப்புறம்பியத்தில் பாண்டியன் வரகுணனை அபராஜித பல்லவன் வென்றான். அவனுக்காகப் போரிட்ட கங்க மன்னன் பிருதிவிபதி களத்திலேயே உயிர்நீத்தான். அதே அணியில் நின்ற சோழன் முதலாம் ஆதித்தன்தான் சில ஆண்டுகளில் அபராஜிதன் மீதே படையெடுத்தான். யானைமீதிருந்த பல்லவனை ஆதித்தன் பாய்ந்து கொன்றதாக வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு பேசுகிறது. தொண்டை மண்டலம் சோழர் வசமாயிற்று.

கதை இத்துடன் முடிந்ததா நண்பர்களே? செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் திருக்கழுக்குன்றத்தில் சற்று இறங்குங்கள். இராஜகேசரியின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கே கிடைத்துள்ளது. அந்த இராஜகேசரி ஆதித்தனே என்பது ஆய்வாளர் முடிபு. ஸ்கந்தசிஷ்யன் என்னும் பழம்பல்லவன் அவ்வூர் இறைவனுக்கு அளித்த நிலத்தை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையரும் அவ்வாறே காத்தார். ஒருவர் விண்ணப்பித்தபடி, முன்னோர் காத்தவாறே தானும் காத்ததாகச் சோழன் அறிவிக்கிறான்.

பல்லவனைக் கொன்று நாட்டைக் கொண்டவன், பல்லவர் கொடுத்த கொடையை அழிக்கவில்லை. கொடுத்தவர் பெயர்களையும் மறைக்கவில்லை. இதில் அரசியல் இல்லாமலில்லை. புதிதாகக் கைவந்த நாட்டில், பழைய மன்னர் வரிசையில் அடுத்தவனாகத் தன்னை நிறுத்திக்கொள்வது வென்றவனுக்கு நன்மையே. ஆயினும் அந்த அரசியலால் ஓர் அறம் பிழைத்தது.

நூறாண்டுகளுக்குப் பின்னரும் இதுவே நிலை. முதலாம் இராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள், மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலின் சந்நிதிகளைக் க்ஷத்திரியசிம்ம பல்லவேசுவரம், இராஜசிம்ம பல்லவேசுவரம் என்று பழம்பெயராலேயே குறிக்கின்றன.

நாடு சோழரைச் சேர்ந்தது. பெயர் பல்லவரிடமே தங்கிவிட்டது. அடுத்தமுறை அந்த அலைவாய்க்குச் செல்லும்போது, திருக்கழுக்குன்றத்திலும் ஒரு மணிநேரம் செலவிட்டு வாருங்கள்.