‘கேஸ்தான் சார்’: ஒரு ரெண்டெழுத்து வார்த்தையோட கதை

அரசு ஆஸ்பத்திரி ஓபியில ஒரு நாள் உக்காந்து பாருங்க. காய்ச்சல், சளி, சுகர், பிரஷர் இதையெல்லாம் தாண்டி ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப காதுல விழும். கேஸ்.

“நெஞ்சுல கேஸ் அடைச்சிருக்கு சார்.” “கேஸ் முதுகுல ஏறிடுச்சு.” “தலைக்கு ஏறி கிர்ருங்குது.” “முட்டியில கேஸ் புடிச்சுகிச்சு.”

நான் சொல்றது மாரண்டஹள்ளி சுத்துவட்டாரத்து ஓபியை வெச்சு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே வரிசையில சீட்டு வாங்கிட்டு நிக்கிற ஊர். பேர்லயே ‘ஹள்ளி’ இருக்கு, கன்னடத்துல கிராமம்னு அர்த்தம். ஓசூர், பெங்களூருன்னு வேலைக்குப் போய் வர்ற பசங்க ‘கேஸ்ட்ரிக்’னு சொல்வாங்க. பெரியவங்க ‘வாயு’ம்பாங்க. மத்த எல்லாருக்கும் கேஸ்தான்.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது, நம்ம நெஞ்சுக்குள்ள எப்படி நுழைஞ்சது, அதனால என்ன ஆகுதுன்னு இந்த நீளமான த்ரெட்ல சொல்றேன். பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு ஆச்சரியம். உலகத்துல பெரும்பாலான வார்த்தைகளை யார் உருவாக்கினாங்கன்னு நமக்குத் தெரியாது. ‘கேஸ்’ அப்படி இல்ல. இதைப் படைச்ச ஆளோட பேரே தெரியும். அவரும் ஒரு டாக்டர்.

யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட். பிரஸ்ஸல்ஸ்காரர். 1644-ல இறந்துட்டார். சர்ச்சோட கோபத்துக்கு ஆளாகி வீட்டுக்காவல்லகூட இருந்தவர். அதனால அவரோட முக்கியமான எழுத்தெல்லாம் இறந்த பிறகு, 1648-ல, மகன் மூலமாத்தான் புத்தகமா வந்தது.

அவர் செஞ்ச கணக்கு ரொம்ப எளிமையானது. 62 பவுண்டு கரியை எரிச்சா மிஞ்சுறது 1 பவுண்டு சாம்பல். மீதி 61 பவுண்டு எங்க போச்சு? கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒண்ணா மாறிப் போச்சு. பாத்திரத்துல அடைச்சா அதை உடைச்சுக்கிட்டு வெளிய வருது. காத்து மாதிரி இருக்கு, ஆனா நாம சுவாசிக்கிற காத்து இல்ல. இதுக்கு அதுவரைக்கும் பேரே இல்ல.

கிரேக்கத்துல ‘கேயாஸ்’னு ஒரு சொல் உண்டு. ஒழுங்கு வர்றதுக்கு முந்தைய பெருங்குழப்பம். அதை எடுத்து ‘கேஸ்’ ஆக்கிட்டார். அவர் பேசின டச்சு மொழியில முதல் எழுத்தைத் தொண்டையிலிருந்து கரகரன்னு சொல்வாங்க, அதனால ரெண்டு சொல்லும் காதுக்கு ஏறக்குறைய ஒண்ணாவே கேக்கும். இன்னொரு விஷயம், அதே புத்தகத்துல வயித்துக் காத்தைப் பத்தி தனியா ஒரு பகுதியே எழுதி வெச்சிருக்கார். ஆக, இந்த வார்த்தை பொறந்த வீட்டுலயே வயிறும் இருந்தது!

ஆனா நூறு வருஷத்துக்கு மேல இதை யாரும் பெருசா கண்டுக்கல. ஆக்சிஜனைப் பிரிச்சு எடுத்த ஜோசப் பிரீஸ்ட்லிகூட 1770-களில் ‘விதவிதமான காற்றுகள்’னுதான் எழுதினார். பிரான்ஸ்ல லவாய்சியே மாதிரி ஆளுங்க கையிலெடுத்த பிறகுதான் ‘கேஸ்’ நிலைச்சது.

அங்கிருந்து அது எடுத்த அவதாரங்கள்தான் வேடிக்கை.

1799, பிரிஸ்டல். ஹம்ஃப்ரி டேவிங்கிற இளைஞர் நைட்ரஸ் ஆக்சைடை தானே இழுத்துப் பார்த்து, வலி மறக்குது, சிரிப்பு வருதுன்னு எழுதினார். அதுதான் ‘லாஃபிங் கேஸ்’. ஆபரேஷனுக்குப் பயன்படலாம்னு 1800-லயே குறிப்பு கொடுத்தார். ஒருத்தரும் கவனிக்கல. 1844-ல ஹொரேஸ் வெல்ஸ்ங்கிற அமெரிக்கப் பல் டாக்டர் அதை இழுத்துட்டு தன் பல்லையே பிடுங்க வெச்சுக்கிட்டார். அடுத்த மாசம் பாஸ்டன்ல நாலு பேர் முன்னாடி செஞ்சு காட்டினப்போ நோயாளி கத்திட்டார், கூட்டம் கேலி பண்ணுச்சு. வெல்ஸ் வாழ்க்கை அதோட இடிஞ்சு போச்சு. நடுவுல கிடந்த அந்த 44 வருஷத்துல எத்தனை பேரைக் கட்டிவெச்சு அறுத்திருப்பாங்கன்னு நினைச்சா எனக்கு இப்பவும் வயித்தைப் பிசையும் (இது கேஸ் இல்ல). இன்னைக்கும் ஆபரேஷன் தியேட்டர்ல நீலக்கலர் சிலிண்டரைப் பார்த்தா அது இந்த நைட்ரஸ் ஆக்சைடுதான்.

அதே காலத்துல லண்டன் தெருக்கள்ல நிலக்கரியிலிருந்து எடுத்த கேஸ்ல விளக்கெரிய ஆரம்பிச்சது. கல்கத்தா, பம்பாய்க்கும் வந்தது. நம்ம கிராமங்களுக்கு அந்தக் குழாயெல்லாம் எட்டவே இல்ல. ஆனாலும் நம்ம தாத்தா பாட்டிக்கு ‘கேஸ் லைட்’ தெரியும். கல்யாணத்துல, தெருக்கூத்துல, சாமி ஊர்வலத்துல தலையில சுமந்துட்டு வருவாங்களே, அந்த பெட்ரோமாக்ஸ். அதுக்குள்ள ஊத்துறது மண்ணெண்ணெய். பம்ப் அடிச்சு, சூடாக்கி, ஆவியாக்கி எரிக்கிறது. ஆனா பேர் கேஸ் லைட்.

அதுல வெள்ளையா ஒளிர்ற வலைப்பை இருக்கே, மேண்டில். அது ஆஸ்திரியாக்காரர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் கண்டுபிடிச்சது. அதுக்கு தோரியம் வேணும். தோரியத்துக்கு மோனசைட் மணல் வேணும். 1909-ல ஷோம்பெர்க்ங்கிற ஜெர்மன் வேதியியலாளர், நம்ம கடற்கரையிலிருந்து போன தேங்காய் நார்ல ஒட்டியிருந்த மணல்ல மோனசைட்டைக் கண்டுபிடிச்சார். அதை வெச்சுத்தான் மணவாளக்குறிச்சியில மணல் ஆலை வந்தது. அப்போ அது திருவிதாங்கூர், இப்போ கன்னியாகுமரி மாவட்டம். ஐரோப்பாவோட கேஸ் விளக்குக்காக நம்ம ஊர் மண்ணு கப்பல் ஏறின கதை இது.

1915 ஏப்ரல் 22. பெல்ஜியத்துல ஈப்ரே. ஜெர்மன் படை குளோரினைத் திறந்துவிட்டது. அன்னையிலிருந்து ‘கேஸ்’னா விஷம்னும் ஒரு அர்த்தம் வந்துருச்சு. நம்ம நாட்டுல அந்த அர்த்தம் 1984 டிசம்பர் 2 ராத்திரி போபால்ல எழுதப்பட்டது. கசிஞ்சது மெத்தில் ஐசோசயனேட். ஆனா இன்னைக்கும் அந்தச் சம்பவத்துக்கே ‘கேஸ்’னுதான் பேர். மாநில அரசுல அதுக்குன்னு தனித் துறையே இருக்கு, அந்தத் துறையோட பேர்லயும் ‘கேஸ்’ இருக்கு.

அமெரிக்காவுல கேஸ்னா பெட்ரோல், ‘கேசோலின்’ங்கிறதோட சுருக்கம். நம்ம பையன் “கேஸ் போட்டுட்டு வரேன்”னு போன்ல சொன்னா ஏசிக்கு கேஸ் ஃபில்லிங்னு நினைச்சுக்காதீங்க.

அப்புறம் சமையல்கட்டு. இண்டேன் முதல் இணைப்பு 1965-ல கல்கத்தாவுல கொடுத்தாங்க. நம்ம பக்கம் கிராமத்து வீடுகளுக்கு அடுப்பு பரவலா போனது 2007-ல தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்க ஆரம்பிச்ச பிறகு. இந்தத் திட்டத்தைக் கிண்டல் பண்றவங்க ஒரு தடவை எங்க வார்டுக்கு வாங்க. நாப்பது வருஷம் விறகடுப்பு ஊதி, பீடியே தொடாம, நுரையீரல் கெட்டு மூச்சு வாங்குற பாட்டிங்களைக் காட்டுறேன். இதுலயும் ஒரு விஷயம்: 14.2 கிலோ சிலிண்டருக்குள்ள இருக்கிறது பெரும்பாலும் திரவம். அதுக்கு இயல்புல வாசனையே கிடையாது. கசிஞ்சா தெரியட்டும்னுதான் எத்தில் மெர்காப்டன்னு ஒரு நாத்தத்தைக் கலக்குறாங்க.

இதுக்கு மேல, பொய் அடிச்சுவிடுறவனை ‘கேஸ் விடுறான்’ம்போம். தமிழ்ல எழுதும்போது போலீஸ் கேஸும் இதே ரெண்டெழுத்துதான். “கேஸ் ஆயிடுமா சார்?”னு ஒருத்தர் பதறினா அவர் வயித்தைப் பத்தி கேக்கறாரா, அடிதடியைப் பத்தி கேக்கறாரான்னு முகத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முட்டிக்கும் முதுகுக்கும் கேஸ் எப்படி வந்தது?

நம்ம வைத்திய மரபுல உடம்பை நடத்துறது வளி, அழல், ஐயம். வாதம், பித்தம், கபம்னும் சொல்வோம். வள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தோட முதல் குறள்லயே வளியைக் கொண்டு வந்துடுறார். இந்த வளி அல்லது வாயுங்கிறது வயித்துக்குள்ள இருக்கிற காத்து மட்டும் இல்ல. உடம்புல எது நகர்ந்தாலும், எது பிடிச்சாலும், வலி எங்கிருந்து எங்க ஓடினாலும் அதுக்கெல்லாம் காரணமா வெச்ச ஒரு பெரிய கருத்து. அதனாலதான் தோள்ல வாயுப் பிடிப்பு, இடுப்புல வாயுப் பிடிப்பு. அந்த மரபுக்குள்ள அது பொருத்தமான பேச்சு.

இங்கிலீஷ் வந்தப்போ ‘வாயு’ங்கிற சொல்லுக்கு நேரா ‘கேஸ்’னு போட்டாச்சு. பள்ளிக்கூடத்துல ஆக்சிஜனும் வாயுதானே! வார்த்தை மாறிச்சு, ஆனா பழைய வாயு ஆண்ட இடமெல்லாம் அப்படியே புது கேஸுக்குப் பட்டா ஆயிடுச்சு. ஐரோப்பாவுல பாத்திரத்தை உடைச்ச கேஸ் நம்ம ஊர்ல முட்டியில போய்ப் பிடிச்சது இப்படித்தான். இது என் வாசிப்பு. எனக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைக்கல.

உடற்கூறுப்படி குடல்ல இருக்கிற காத்துக்கு முதுகுக்கோ தலைக்கோ போக வழி கிடையாது. மேல ஏப்பம், கீழ இன்னொண்ணு. அவ்வளவுதான்.

“அப்போ லேப்ராஸ்கோப்பி பண்ணின என் அக்காவுக்கு தோள்பட்டை வலிச்சதே, கேஸ்னு டாக்டரே சொன்னாரே?”ன்னு கேப்பீங்க. சரியான கேள்வி. அந்த ஆபரேஷன்ல வயித்தை உப்ப வைக்க கார்பன் டை ஆக்சைடு நிரப்புவாங்க. அது உதரவிதானத்தை உறுத்தும். உதரவிதானத்தோட நரம்பும் தோள்பட்டையோட உணர்ச்சியும் கழுத்துத் தண்டுவடத்துல ஒரே இடத்துல போய்ச் சேருது. ரெண்டு வாசலுக்கும் ஒரே காலிங் பெல் வெச்ச மாதிரி. பெல் அடிக்குது, எந்த வாசல்னு மூளைக்குப் புரியல. கேஸ் வயித்துலதான் இருக்கு, வலி மட்டும் தோள்ல.

இதையே திருப்பிப் போடுங்க. இதயத்தோட அடிப்பாகம் உதரவிதானத்து மேலதான் உக்காந்திருக்கு. நேர் கீழே இரைப்பை. இங்கேயும் பெல் ஒண்ணுதான். இதயத்தோட கீழ்ச்சுவருக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சா நிறைய பேருக்கு மேல்வயித்துல எரிச்சல், உப்புசம், குமட்டல், ஏப்பம், வாந்தி. சினிமாவுல காட்டுற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுட்டு விழ மாட்டாங்க. சுகர் உள்ளவங்க, பெண்கள், வயசானவங்களுக்கு இப்படி மாறுவேஷத்துல வர்றது இன்னும் அதிகம்.

ஒரு நாள் காலையில வந்தவர். அம்பது வயசைத் தாண்டினவர், தக்காளி லோடு ஏத்துறவர். ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பிச்சிருக்கு. சோடா. அப்புறம் இஞ்சி, ஓமத் தண்ணி. பெருசா ஒரு ஏப்பம் வந்ததும் “விட்டுருச்சு”ன்னு படுத்துட்டார். விடியக்காலை ஏதோ ஒரு கடையில ‘கேஸ் மாத்திரை’ வாங்கிப் போட்டிருக்கார். எங்ககிட்ட வந்தப்போ சட்டை முழுக்க வேர்வை. ஈசிஜியில கீழ்ச்சுவர் மாரடைப்பு. ஒன்பது மணி நேரம் ஓடிப்போச்சு. கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டு, 108-ல மேல் சிகிச்சைக்கு அனுப்பினோம். பிழைச்சுட்டார். இதயத்தோட பம்ப் பழையபடி இல்ல, லோடு ஏத்த முடியாது.

அவர் மனைவி சொன்னது, “கேஸ்தானேன்னு நான்தான் சார் சோடா வாங்கிக் கொடுத்தேன்.” அந்தம்மா மேல என்ன தப்பு? ஊரே பேசுற வார்த்தையைத்தான் அவங்களும் நம்பினாங்க.

அந்த ‘கேஸ் மாத்திரை’யைப் பத்தியும் சொல்லிடுறேன். ரானிடிடின், ஒமிப்ரசோல், பேன்டோப்ரசோல் எதுவுமே கேஸைக் குறைக்காது. அமிலச் சுரப்பைக் குறைக்கும். இந்த வகை மாத்திரைக்கு வழி திறந்தவர் ஸ்காட்லாந்து டாக்டர் ஜேம்ஸ் பிளாக். அவரோட சிமெடிடின் 1970-களில் வந்தது. அதுக்கு முன்னாடி அவர் கண்டுபிடிச்சது ப்ரோப்ரனலால், இதய வலிக்கான மாத்திரை. நெஞ்சு வலிக்கும் வயித்து எரிச்சலுக்கும் மருந்து கண்ட மனுஷன் ஒரே ஆள்! 1988-ல நோபல் கொடுத்தாங்க. அவருக்கு ரெண்டும் வேற வேறன்னு தெளிவா தெரியும். நம்ம ஊர்ல ரெண்டுக்கும் ஒரே பேர்.

மாத்திரை போட்டதும் வலி குறைஞ்சா அது கேஸ்தான்னு அர்த்தம் இல்ல. ஏப்பம் வந்தாலும் அதே கதைதான். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்றேன்.

தாடைக்கும் தொப்புளுக்கும் நடுவுல எங்கயாவது புதுசா வலி, எரிச்சல், அழுத்தம். கூட வேர்வை, மூச்சு வாங்குறது, கை, தாடை, முதுகுப் பக்கம் பரவுறது, நடந்தா கூடுறது. இதுல எது இருந்தாலும் சோடாக் கடையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வாங்க. ஈசிஜி எடுக்கப் பத்து நிமிஷம் போதும். முதல்ல எடுத்தது நார்மலா இருந்தாலும், வலி இருந்தா கொஞ்ச நேரத்துல மறுபடி எடுக்கணும்னு கேளுங்க. உரிமையோட கேளுங்க. மாரடைப்புன்னு சந்தேகம் வந்தா உடனே கொடுக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மூணையும் 2023-லிருந்து ‘இதயம் காப்போம்’ திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே வெச்சிருக்காங்க. கிராமத்துத் துணை சுகாதார நிலையம் வரைக்கும் இந்தத் திட்டம் போயிருக்கு.

இப்போ ஓபியில யாராவது “கேஸ்”னு சொன்னா, நான் அந்த வார்த்தையை அப்படியே சீட்டுல எழுதுறதில்ல. “கையை வெச்சுக் காட்டுங்க, எங்க, எப்போலேர்ந்து, மாடி ஏறினா கூடுதா?”ன்னு கேப்பேன். பாதிப் பேர் உண்மையிலேயே மொச்சைக் கொழம்பு சாப்பிட்டவங்கதான், சிரிச்சுட்டுப் போவாங்க.

உங்க ஊர்ப் பக்கம் இதுக்கு என்ன பேர்? வாயு, கேஸ், கேஸ்ட்ரிக் இல்லாம வேற ஏதாவது சொல் இருந்தா கீழ எழுதுங்க, மாவட்டத்தையும் சேர்த்து. ஓபியில எனக்கு உதவும்.