ரேகைச் சட்டமும் ரேஷன் மெஷினும்

போன மாசம் அப்பத்தாவைக் கூட்டிக்கொண்டு ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர். திராட்சைத் தோட்டத்திலும் வயல்காட்டிலும் ஐம்பது வருஷம் உழைச்ச கை அது. நாலு தடவை விரலை வைத்தும் மெஷின் ஏற்றுக்கொள்ளவில்லை. கடைக்காரத் தம்பி பொறுமையானவர். விரலைத் துடைக்கச் சொன்னார், தலைமுடியில் தேய்த்துவிட்டு வைக்கச் சொன்னார். அஞ்சாவது தடவை பில் வந்தது.

திரும்பி வரும்போது அப்பத்தா கேட்டது இது: "எங்கய்யா காலத்துல ரேகை வச்சாத்தான் ஊருக்குள்ள நடமாட முடியும்னாங்க. இப்ப ரேகை வச்சாத்தான் அரிசிங்கிறாங்க. நம்ம ரேகை மேல இவுகளுக்கு என்னடா அம்புட்டு ஆசை?"

நான் சிரிச்சேன். ஆனா கேள்வி மனசுல நின்னுருச்சு. அதுக்குப் பதில் தேடி எடுத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

எங்க பக்கத்துப் பெரியவர்கள் 'ரேகைச் சட்டம்' என்று சொல்வது 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தை. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரை மாவட்டத்துப் பிரமலைக் கள்ளர்கள் மீது 1914இல் கீழக்குடியில் ஆரம்பித்து, 1918இல் அந்தச் சமூகம் முழுவதுக்கும் விரித்தார்கள். அன்னிக்குத் தேனி தனி மாவட்டம் கிடையாது. 1996 வரைக்கும் இந்தப் பள்ளத்தாக்கு மதுரை மாவட்டத்தோடு சேர்ந்ததுதான்.

சட்டம் எப்படி வேலை செய்தது? முதலில் ஒரு சமூகத்தை அரசு அறிவிக்கும். பிறகு ஆட்களைப் பதிவேட்டில் ஏற்றும். பதிவான ஆளிடம் எப்போது வேண்டுமானாலும் கைரேகை எடுக்கலாம். அவர் குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், ஊர் மாறினால் சொல்ல வேண்டும். ராத்திரி வீட்டில் படுக்க முடியாமல் போலீஸ் கண்ணெதிரே படுத்துக் கிடந்த கதை இங்கே பல குடும்பங்களில் உண்டு. ஒருத்தர் தப்பு செய்தாரா என்பது கேள்வியே இல்லை. எந்த வீட்டில் பிறந்தார் என்பதுதான் கணக்கு.

1920 ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டிக்குத் தெற்கே பெருங்காமநல்லூரில் ரேகை பதிய அதிகாரிகள் போலீசோடு வந்தார்கள். ஊர் மறுத்தது. துப்பாக்கிச் சூட்டில் குறைந்தது 16 பேர் இறந்தார்கள். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சாதாரண விரல் மைக்காக எதுக்கு உயிரைக் கொடுக்கணும் என்று இன்றைக்குத் தோன்றலாம். அந்த மை எங்கே போய்ச் சேரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கே போய்ச் சேர்ந்தது? இந்த இடத்தில் கொஞ்சம் கல்கத்தா போய்வர வேண்டும். 1897இல் அங்கே கைரேகைக் காப்பகம் தொடங்கியது; உலகத்திலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். லட்சக்கணக்கான சீட்டுகளில் ஒன்றை எப்படித் தேடிப் பிடிப்பது? அஜீஸுல் ஹக் என்ற போலீஸ் அலுவலர் ஒரு கணக்குப் போட்டார். பத்து விரலை ஐந்து ஜோடியாகப் பிரி. ஒவ்வொரு விரலிலும் ஒரே கேள்வி: சுழி இருக்கா, இல்லையா? ஒரு ஜோடிக்கு நாலு விதம். ஐந்து ஜோடிக்கு நாலை ஐந்து முறை பெருக்கினால் 1,024. அத்தனை அறைகள் கொண்ட அலமாரி. பேர் என்னவோ மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குத்தான் போனது.

கம்ப்யூட்டருக்கு ரொம்ப முந்தியே மனிதனை இருக்கு-இல்லை என்று பிரித்துத் தேடும் முறை வந்துவிட்டது என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். மெஷின் வந்ததால் வந்த பிரச்சினை இல்லை இது.

தன் பேர் தப்பாக ஏறியிருந்தால் என்ன செய்யலாம்? புகார் சொல்லலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. யாரிடம்? மாவட்ட மாஜிஸ்திரேட்டிடம். அதாவது, பதிவேட்டைப் போட்ட அதே நிர்வாகத்திடம். சமூகத்தை அறிவித்தது சரியா என்று கேட்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் கிடையாது. இன்னொரு பக்கம், அதே அரசுதான் கள்ளர் சீரமைப்பு என்று பள்ளிக்கூடங்களும் திறந்தது. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகள் இன்னும் நடக்கின்றன. பல தலைமுறை அதில் படித்து முன்னேறியிருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் உதவியும் கண்காணிப்பும் ஒரே கையில் இருந்தன.

1947இல் சென்னை மாகாணம் சட்டத்தை ரத்து செய்தது. அடுத்த வருஷமே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் என்று இன்னொன்று வந்தது. பிறப்பு போய்த் தனிமனிதன் வந்தான். பதிவேடும் ரேகையும் போகவில்லை.

இப்போது ரேஷன் மெஷினுக்கு வருவோம். இதையும் அதையும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். அது ஆளைக் கட்டிப்போட எடுத்த ரேகை. இது அரிசி வேறொருவருக்குப் போகாமலிருக்க எடுக்கும் ரேகை. விரல் பொருந்தாவிட்டால் மாற்று வழிகளும் உண்டு. வயசானவர்கள் தங்களுக்குப் பதிலாக ஒருவரை எழுதிக் கொடுக்கலாம்.

ஆனா மூணு விஷயம் உறுத்துது. 2021 ஜூன் மாதம், தமிழ்நாட்டின் ரேஷன் பயனாளிகள் சுமார் 50 லட்சம் பேரின் விவரம் ஆதார் எண்ணோடு இணையத்தில் கிடப்பதாக ஓர் இணையப் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. அரிசிக்காகக் கொடுத்த தகவல் அது. ரெண்டாவது, 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மானியமோ சலுகையோ தருவதற்கு, அரசு தன்னிடம் ஏற்கெனவே உள்ள பதிவேட்டை நம்மிடம் மறுபடி சம்மதம் கேட்காமலே பயன்படுத்த அது இடம் தருகிறது. பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் சொல்லி, குறிப்பிட்ட அரசு அமைப்புகளுக்கு மத்திய அரசு விலக்கும் கொடுக்கலாம். ஒரு காரியத்துக்குத் தந்தது இன்னொரு காரியத்துக்குப் போகிற வழி இதுதான்.

மூணாவது, பதிவேடு சாகாது. 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம், சிறைப் பதிவேடுகளில் உள்ள சாதிப் பத்தியை நீக்கச் சொன்னது. சட்டத்தை ரத்து செய்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், பிறப்பை வைத்து ஆளைப் பார்க்கும் பழக்கம் ஏட்டில் உயிரோடு இருந்தது.

அதனால் என் வாதம் ரேகைக்கு எதிரானது இல்லை. எதுக்கு எடுக்குறாங்க, வேற யாருக்குப் போகுது, தப்பா இருந்தா எடுத்தவங்க அல்லாத ஒருத்தர்கிட்ட போய் நான் கேக்க முடியுமா? பெருங்காமநல்லூர்க்காரங்களுக்கு இந்த மூணுக்கும் பதில் கிடைக்கலை. நமக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு கேட்காமல் இருக்க நியாயமும் இல்லை.

அடுத்த மாசம் அப்பத்தாவுக்குப் பதிலாக நான் வாங்குவதற்கு எழுதிக் கொடுத்துவிடலாம் என்று சொன்னேன். "வேணாம், நானே வாரேன். என் அரிசிய நான்தான வாங்கணும்" என்கிறது.