வீட்டு ஆற்றல் சிக்கனம்: தமிழ்நாட்டு வீடுகள்

வீட்டில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் வசதி குறையாமல், அதற்காகச் செலவாகும் மின்சாரத்தையும் எரிவாயுவையும் குறைப்பது வீட்டு ஆற்றல் சிக்கனம். விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பது இதில் சேராது. குளிர்நாடுகளில் இந்தச் சொல்லுக்கு, வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே விடாமல் காப்பது என்று பொருள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் கட்டி முடித்த முதல் பாசிவ்ஹவுஸ் குடியிருப்பில் சுவர்களுக்குத் தடித்த காப்புப் போர்வை போட்டார்கள், காற்று கசியாதபடி இடுக்குகளை அடைத்தார்கள். தமிழ்நாட்டில் வேலை நேர்மாறானது. இங்கே சூட்டை உள்ளே வரவிடாமல் தடுக்க வேண்டும். வந்துவிட்டால் காற்றோடு அனுப்ப வேண்டும். இரண்டும் முடியாதபோதுதான் குளிர்சாதனத்தின் முறை. பெரும்பாலான வீடுகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது: முதலில் ஏசி வாங்குகிறார்கள், மொட்டைமாடியைப் பற்றி யோசிப்பதே இல்லை.

வெயில் வரும் வழி

சென்னை 13 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் அது உச்சியிலிருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். கன்னியாகுமரியில் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே உச்சிவெயில் தொடங்கிவிடும். ஆகவே கோடையில் தெற்குச் சுவர் அநேகமாகத் தப்பிவிடுகிறது. காலையில் கிழக்குச் சுவரும், மாலையில் மேற்குச் சுவரும், நாள் முழுக்கக் கூரையும் வெயிலை வாங்குகின்றன. தனி வீட்டுக்கும் அடுக்குமாடியின் கடைசித் தளத்துக்கும் கூரைதான் முதல் எதிரி. நடுத்தளங்களில் இருப்பவர்கள் மேற்குச் சுவரையும் மேற்கு ஜன்னலையும் மட்டும் கவனித்தால் போதும்.

கூரை

இன்றைய வீடுகளின் கான்கிரீட் தளம் 4 முதல் 5 அங்குலம் கனம். மே மாத மதியத்தில் அதன் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அந்தச் சூடு உடனே உள்ளே இறங்குவதில்லை; கான்கிரீட்டுக்குள் சில மணி நேரம் ஊறி, மாலைக்கு மேல் கீழ்ப்பக்கமாக வெளிப்படும். வெளியே காற்று தணிந்த பிறகும், இரவு பத்து மணிக்கு மின்விசிறியைப் போட்டால் அனல் இறங்குவது இதனால்தான். விசிறி விட்டத்துக்குக் கீழே தேங்கிய சூட்டைத்தான் தள்ளுகிறது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை இந்தச் சிக்கலை வேறு விதமாகச் சமாளித்தது. தேக்கு விட்டங்களின் மேல் சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் மூலைவாட்டாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. கனமும் உயரமும் சேர்ந்து பகல் சூட்டைத் தாமதப்படுத்தின. கான்கிரீட் வந்த பிறகும் அதன் மேல் செங்கல் ஜல்லித் தளமும் தட்டோடும் போடும் வழக்கம் தொடர்ந்தது. மழைநீர் ஒழுகாமல் இருக்கத்தான் அது என்று பலரும் நினைக்கிறார்கள். செலவைக் குறைக்க அதை விட்டுவிட்டு மெல்லிய நீர்த்தடுப்புப் பூச்சோடு நிறுத்தியவர்களுக்கு, ஒழுகல் இல்லாவிட்டாலும் அனல் வந்து சேர்கிறது.

கட்டி முடித்த வீட்டுக்கு மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடியது வெள்ளையடிப்பு. பழைய சாம்பல் நிறக் கான்கிரீட் தன் மேல் விழும் வெயிலின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். புதிதாக அடித்த வெள்ளைச் சுண்ணாம்போ வெயிலெதிர்ப்புப் பெயின்ட்டோ ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பும். சுண்ணாம்பில் பசை கலந்து அடித்தாலும் ஒரு வடகிழக்குப் பருவமழைக்கு மேல் தாங்காது. அதனால் ஆண்டுதோறும் பங்குனி வாக்கில் ஒரு கை அடிக்க வேண்டும். பெயின்ட் சில ஆண்டுகள் நிற்கும். ஆனால் தூசி படிந்தால் வெள்ளை வெள்ளையாக இருக்காது, கழுவித்தான் ஆக வேண்டும். இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைகளுக்கென்றே தெலங்கானா அரசு 2023இல் தனிக் கொள்கை வெளியிட்டது.

நிழல் வெள்ளையடிப்பைவிட வலிமையானது. மொட்டைமாடியில் தென்னங்கீற்றுக் கொட்டகை போட்ட வீட்டில் கீழ் அறைக்குள் நுழைந்த உடனே வித்தியாசம் தெரியும். வெயில் கான்கிரீட்டைத் தொடுவதே இல்லை, கீற்றுக்கும் தளத்துக்கும் இடையே காற்றும் ஓடுகிறது. தீப்பிடிக்கும் ஆபத்தும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கீற்று மாற்றும் செலவும் இதன் குறைகள். மாலையில் தளத்தில் தண்ணீர் தெளிப்பதும் வேலை செய்யும்: ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்கு இணையான வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் நீர் மெதுவாகத்தான் ஆவியாகும். தவிர, மே மாதத்தில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் இதைச் சொல்ல வாய் வராது.

புது வீடு கட்டுபவர்களுக்குக் கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) கேரளத்தில் பரவலாக்கிய இரண்டு முறைகள் உண்டு. தளத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும் கான்கிரீட் பாரம் தாங்குவதில் பெரும்பங்கு வகிப்பதில்லை. அங்கே பழைய மங்களூர் ஓடுகளை வைத்து இடத்தை நிரப்புவது ஒன்று. கான்கிரீட் மிச்சமாகிறது, ஓடுகளுக்கு இடையே சிக்கிய காற்று சூட்டையும் தடுக்கிறது. செங்கற்களைக் குத்தவைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு மற்றொன்று. அதில் செங்கல் சுமார் கால் பங்கு குறையும்.

சுவர், ஜன்னல், காற்று

வெயிலை ஜன்னலுக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். கண்ணாடியைக் கடந்து வந்த வெயிலை உள்ளே தொங்கும் திரைச்சீலை ஓரளவுக்குத்தான் தடுக்கும். திரையே சூடாகி அறைக்குள் சூட்டை விடும். வெளிப்புற மூங்கில் தட்டி, நனைத்த வெட்டிவேர்த் தட்டி, அகலமான சன்ஷேடு, மேற்கே ஒரு வேப்பமரம் எல்லாமே திரையைவிட மேல். மேற்குச் சுவரை ஒட்டிப் படுக்கையறை வைப்பதைவிட அலமாரியோ குளியலறையோ வைப்பது நல்லது.

காற்றைப் பொறுத்தவரை ஊருக்கு ஊர் விதி மாறும். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வருகிறது. அந்தப் பக்க ஜன்னலைத் திறந்து வைத்து, எதிர்ப்பக்கத்திலும் வழி விட்டால் வீடு மூச்சுவிடும். கோயம்புத்தூரிலோ தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வருவதால், அங்கே மேற்குச் சுவரை முழுக்க அடைப்பது முட்டாள்தனம். செட்டிநாட்டு வீடுகளின் முற்றமும் உயர்ந்த கூரையும் சூடான காற்று மேலேறி வெளியேறச் செய்த ஏற்பாடுகளே. முப்பதடி மனையில் அதற்கு இடமில்லை. மாடிப்படி மேலே ஒரு காற்றுப்போக்கி வைக்க இடம் உண்டு.

மின்விசிறி

தமிழ்நாட்டு வீட்டில் அதிக நேரம் ஓடும் கருவி எது என்று கேட்டால் பலரும் குளிர்பெட்டி என்பார்கள். அதற்கு அடுத்தது சீலிங் ஃபேன். வழக்கமான 48 அங்குல விசிறி சுமார் 75 வாட் எடுக்கும்; தூரிகையற்ற நேர்மின் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி அதே காற்றை 30 வாட் அளவில் தரும். நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால், 60 நாள் கணக்கில் ஒரு விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று விசிறிகளை மாற்றினால் ஏறக்குறைய 97 யூனிட்.

சிறு செய்தி ஒன்று: பெட்டி போன்ற பழைய ரெகுலேட்டரில் வேகத்தைக் குறைத்தால் மிச்சமாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே சூடாகி வீணாகும். தொட்டுப் பார்த்தாலே தெரியும். மின்னணு ரெகுலேட்டரில் அந்த விரயம் இல்லை. விசிறி மெதுவாகச் சுற்றத் தொடங்கினால் உடனே புதிது வாங்க வேண்டியதும் இல்லை. பெரும்பாலும் கண்டன்சர் போயிருக்கும், எலக்ட்ரீஷியன் சில நிமிடங்களில் மாற்றிவிடுவார். விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை, நம் தோலில் உள்ள வியர்வையை ஆற்றுகிறது. ஆளில்லாத அறையில் அதை ஓடவிடுவதில் எந்தப் பொருளும் இல்லை. சீலிங் ஃபேனுக்கு மின்சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திர முத்திரை 2023 ஜனவரியிலிருந்து கட்டாயம்.

குளிர்சாதனம்

ஏசியின் ‘டன்’ எடையைக் குறிப்பதல்ல. ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை வெளியேற்றும் திறன், அதாவது சுமார் 3.5 கிலோவாட். 18 டிகிரியில் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது தவறான நம்பிக்கை. சாதாரண ஏசியின் கம்ப்ரசர் எந்த அளவில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18இல் வைத்தால் நிற்காமல் ஓடும். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 2020 ஜனவரி 1 முதல் புதிய அறை ஏசிகள் 24 டிகிரி இயல்பு அமைப்போடுதான் விற்கப்பட வேண்டும். 26 டிகிரியில் ஏசி, கூடவே மெதுவாக ஒரு விசிறி என்றால் பெரும்பாலானோருக்குப் போர்வை தேவைப்படும். டார்ம்ஸ்டாட் பாடம் ஏசி ஓடும் அறைக்கு மட்டும் பொருந்தும்: கதவின் கீழ் இடுக்கையும் ஜன்னல் விளிம்பையும் அடைக்க வேண்டும்.

முத்திரையும் சட்டமும்

எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001இல் வந்தது. அதன்கீழ் 2002 மார்ச்சில் தொடங்கிய பணியகம் 2006இல் நட்சத்திர முத்திரையைக் கொண்டுவந்தது. நட்சத்திர அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுவதால் பழைய ஐந்து நட்சத்திரம் புதிய மூன்றுக்கும் சமமாகாமல் போகலாம். கடையில் நட்சத்திரங்களை எண்ணுவதைவிட முத்திரையில் அச்சிட்டுள்ள ஆண்டு யூனிட்டைப் படிப்பது நல்லது. ஏசிக்கு அந்த எண் ஆண்டுக்கு 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. குடியிருப்புகளுக்கான ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பு 2018இல் வெளியானது. கூரை வழியே ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளம் இந்த எல்லையை நெருங்கவே முடியாது.

கட்டணப் படி

தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முதல் 100 யூனிட் 2016 முதல் இலவசம். சிக்கல் 500இல் இருக்கிறது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தின்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய், 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500ஐத் தாண்டியவுடன் கீழ்ப்படியில் இருந்த சலுகை போய்விடுவதே காரணம். விகிதங்கள் பின்னர் உயர்ந்தன. எல்லைக்கு அருகில் இருக்கும் வீட்டில் மூன்று விசிறியை மாற்றுவது, கோடீஸ்வரர் வீட்டில் முப்பது விளக்கை மாற்றுவதைவிடப் பலன் தரும்.

மீட்டரைப் பார்த்தல்

எங்கே விரயம் என்று அறிய மீட்டரே போதும். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும்; ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பது பக்கத்திலேயே எழுதியிருக்கும், 3,200 பரவலான எண். இரவு எல்லாவற்றையும் அணைத்து, குளிர்பெட்டிப் பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் பார்க்க வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை சிமிட்டினால் எங்கோ சுமார் 19 வாட் போய்க்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் அது ரிமோட்டில் மட்டும் அணைத்த செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் சார்ஜர், ஸ்டெபிலைசர் ஆகியவற்றின் கூட்டு. இரண்டு மாதத்தில் அது 27 யூனிட்.