குருத்துக் கல ஆராய்ச்சியும் தரவுக் களஞ்சியமும்

முளையத்தின் தொடக்கப் பருவத்திலுள்ள கலங்கள் உடலின் எவ்வுறுப்பாகவும் மாற வல்லவை. இவற்றை முளையக் குருத்துக் கலங்கள் என்பர். தோலாகவோ குருதியாகவோ முதிர்ந்துவிட்ட ஒரு கலத்தை அந்த இளநிலைக்கு மீட்டுவிட முடியுமா என்பது உயிரியலாரை நெடுங்காலம் மயக்கிய வினா. அதற்குச் சரியான விடை கிடைத்ததும், பிழையான விடையொன்று பின்னர் தோன்றி மறைந்ததும் யப்பான் நாட்டிலேயே நிகழ்ந்தன. இவ்விரு நிகழ்ச்சிகளிலும், ஆராய்ச்சித் தரவுகளைப் பொதுவில் வைத்துப் பேணும் வழக்கம் பெரும்பங்கு கொண்டது.

அந்நாட்டின் ரிக்கென் ஆராய்ச்சி நிறுவனத்தில் யொஷிஹிதே ஹயாஷிசாக்கியின் தலைமையில் 2000ஆம் ஆண்டு பான்டம் என்னும் திட்டம் தொடங்கிற்று. சுண்டெலியின் கலங்களில் எப்பரம்பரையலகுகள் செயற்படுகின்றன என்பதைத் திரட்டி நிரற்படுத்துவதே அதன் நோக்கம். 2002இல் 60,770 படிகளின் விவரம் உலகத்தார் எவரும் காணுமாறு வெளியிடப்பட்டது. அக்காலத்தில் நாரா மாகாணத்தில் சிறியதோர் ஆய்வுகூடத்தை நடத்தி வந்த ஷின்யா யமனாக்கா, இத்தகைய தரவுகளைத் தம் கணினியில் ஒப்புநோக்கி, குருத்துக் கலங்களில் மட்டும் சிறப்பாகத் தொழிற்படும் பரம்பரையலகுகளைத் தேடினார். பிறர் கண்டறிந்து வெளியிட்டிருந்தவற்றையும் சேர்த்து 24 பரம்பரையலகுகளை அவர் தெரிந்தெடுத்தார். கசுத்தோஷி தக்காஹாஷியுடன் நடத்திய சோதனைகளில், அவற்றுள் நான்கே போதும் என்பது தெளிவாயிற்று. 2006ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த இம்முடிவுக்காக 2012இல் நோபல் பரிசில் ஒரு பங்கு அவருக்குக் கிடைத்தது. மற்றப் பங்கைப் பெற்றவர் ஆங்கிலேயரான ஜோன் கேர்டன். பிறர் கைம்மாறு கருதாது திறந்து வைத்த களஞ்சியம், வசதி குறைந்த ஒருவருக்கு எத்துணை ஆண்டு உழைப்பை மிச்சப்படுத்தியது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

எட்டாண்டுகளின் பின், 2014ஆம் ஆண்டு சனவரி மாத இறுதியில், அதே ரிக்கென் நிறுவனத்தின் கோபே நகர ஆய்வுகூடத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. பிறந்து ஒரு வாரமேயான சுண்டெலிகளின் மண்ணீரற் கலங்களை அரை மணி நேரமளவில் மென்மையான அமிலத்தில் இட்டுவைத்தாலே அவை குருத்துநிலை எய்தும் என்று ஹருகோ ஒபொக்காத்தாவும் அவருடன் ஆராய்ந்தவர்களும் ‘நேச்சர்’ இதழில் இரு கட்டுரைகள் வெளியிட்டனர். உலகம் வியந்தது. ஆனால் செய்து பார்த்தவர்களுக்கு அது கைகூடவில்லை. கட்டுரைகளின் படங்களிலும் குறைகள் தென்பட்டன. ஏப்பிரலில் வெளியான நிறுவன விசாரணை முறைகேடு நிகழ்ந்ததென முடிவு கூறியதோடு, ஆய்வுக் குறிப்பேடுகளில் போதிய விவரம் இல்லையென்பதையும் சுட்டிற்று. கணித ஆசிரியர் விடையை மட்டும் பாராது செய்கை வழியையும் காட்டுமாறு கேட்பதன் பொருள் இத்தகைய வேளைகளிலேதான் விளங்கும்.

எனினும் செய்கை வழி முற்றாக மறைந்துவிடவில்லை. கட்டுரைகளுக்கு ஆதாரமான பரம்பரையலகுத் தரவுகள், வழக்கப்படி பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருந்தன. ரிக்கெனிலேயே பணியாற்றிய தக்காஹோ எண்டோ அவற்றை எடுத்து ஆராய்ந்தார். சுண்டெலியின் நிறமூர்த்தங்கள் சோடி சோடியாக அமைவன. அமிலத்தாற் பெற்றவை எனக் கூறப்பட்ட கலங்களிலோ எட்டாம் நிறமூர்த்தம் மூன்றாக இருப்பதற்கான தடயம் தெரிந்தது. அவ்வாறு மூன்று அமைந்த சுண்டெலி பிறப்பதில்லை, கருவிலேயே அழிந்துவிடும். அப்படியாயின், பிறந்து ஒரு வாரமான குட்டிகளிலிருந்து அக்கலங்கள் எவ்வாறு வந்திருக்க முடியும்? மறுபுறத்தில், ஆய்வுகூடத்தில் நெடுநாள் வளர்க்கப்படும் முளையக் குருத்துக் கலங்களில் எட்டாம் நிறமூர்த்தம் மிகுவது அடிக்கடி காணப்படுவதாகும். பிறரது சோதனைக் குழாயைத் தொடாமலே, ஏட்டில் இருந்த எண்களைக் கொண்டே இந்த முரண்பாடு வெளியாயிற்று.

யூலை மாதத் தொடக்கத்தில் இரு கட்டுரைகளும் மீளப்பெறப்பட்டன. இணையாசிரியரான மூத்த விஞ்ஞானி யொஷிக்கி சசாய் ஆகஸ்டில் உயிர் நீத்தார். அவர் மோசடி செய்தாரென விசாரணை கூறவில்லை. மேற்பார்வைக் குறைவே அவர்மீது சுமத்தப்பட்டது. பிழையின் விலையைப் பிழை செய்தவர் மட்டும் கொடுப்பதில்லை போலும்.

டிசெம்பரில் இரண்டாம் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. உறைகலங்களில் எஞ்சியிருந்த கலங்களின் பரம்பரைத் தொடரை முழுமையாகப் பகுத்தறிந்து, அவை முன்னரே ஆய்வுகூடங்களில் இருந்த முளையக் குருத்துக் கலங்களே என அக்குழு நிறுவிற்று. கலந்தவர் யார் என்பதை அதனால் துணிய இயலவில்லை. 2015ஆம் ஆண்டு செப்டெம்பரில், ஏழு ஆய்வுகூடங்களில் நடந்த 133 முயற்சிகளும் பயனற்றுப் போயின என்ற செய்தி, அதே ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது.