பாதி கடித்த சாக்லெட்

ஒரு நடிகர் படத்தில் மொத்தமே இரண்டு, மூன்று நிமிடம்தான் வருகிறார். அதற்குள் ஒரு சாக்லெட்டைக் கடிக்கிறார், சிரிக்கிறார், செத்துப் போகிறார். அவ்வளவுதான்! அந்தக் குட்டி வேடத்திலேயே ரசிகர்கள் அவரைக் கவனித்துவிட்டார்கள். பெயர் கேரி கூப்பர்.

படம், 'விங்ஸ்'. 1927-ல் வந்த அமெரிக்க மௌனப் படம். 1929-ல் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படத்துக்கான விருதைத் தட்டிச் சென்றது.

முதல் உலகப் போர். விமானியாகும் ஆசையோடு இரண்டு இளைஞர்கள் பயிற்சி முகாமுக்கு வருகிறார்கள். கூடாரத்தில் ஏற்கெனவே ஒரு மாணவர் இருக்கிறார். அதிர்ஷ்டம், தாயத்து எதிலும் நம்பிக்கை இல்லாதவர். சாக்லெட்டை ஒரு கடி கடித்துவிட்டு, மீதியைக் கட்டிலில் போட்டுவிட்டுப் பயிற்சிக்குக் கிளம்புகிறார். கொஞ்ச நேரத்தில் தரையில் ஒரு விமானத்தின் நிழல் ஓடுகிறது. அப்புறம்... மோதல். ஆள் காலி. சாக்லெட் மட்டும் கட்டிலில் அப்படியே கிடக்கிறது.

கவனியுங்கள், எதிரி இன்னும் படத்துக்குள் வரவே இல்லை! இது சினிமாவுக்காகச் செய்த ஜோடனையும் அல்ல. இயக்குநர் வில்லியம் வெல்மன், நிஜமாகவே பிரான்ஸில் போர் விமானியாக இருந்தவர். 1918-ல் சுட்டு வீழ்த்தப்பட்டு, காயத்தோடு தப்பியவர். எதிரியைப் பார்க்காமலேயே விமானிகள் செத்த காலம் அது என்பது அவருக்குத் தெரியும்.

பயிற்சியில் ஏன் சாக வேண்டும்? பதில் தெரிய வேண்டுமென்றால், அமெரிக்காவுக்கு முன்பே, 1914-லேயே போரில் குதித்துவிட்ட பிரிட்டனுக்குப் போக வேண்டும்.

அங்கே வாத்தியார்களில் பலர், போர்முனையில் களைத்துப்போய், 'கொஞ்சம் ஓய்வெடு' என்று ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள். அவர்களுக்கு ஜெர்மானியர்களைவிட மாணவர்களிடம்தான் பயம் அதிகம்! எதிரியைத் திட்டும் 'ஹன்' என்ற வார்த்தையையே மாணவர்களுக்குப் பட்டப்பெயராக வைத்தார்கள். காரணம், அத்தனை விமானங்களை அவர்கள் நொறுக்கினார்கள். பயந்த வாத்தியார் கட்டுப்பாட்டை மாணவன் கையில் கொடுப்பாரா? பையன் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பான். பிறகு திடீரென்று ஒருநாள், 'தனியாகப் போ' என்று அனுப்பிவிடுவார்கள். பிழைத்தால் அதிர்ஷ்டம்!

இதைப் பார்த்துக் கொதித்தவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. 1916-ல் பிரான்ஸில் ஒரு ஸ்குவாட்ரனுக்குத் தலைவர். சில மணி நேரமே பறந்த பையன்களைத் தன்னிடம் அனுப்பிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது? மேலிடத்துக்குப் புகார்மேல் புகார் எழுதினார். 'அப்படியானால் நீயே வந்து சொல்லிக்கொடு' என்கிற மாதிரி, இங்கிலாந்தின் காஸ்போர்ட்டில் ஒரு பயிற்சிப் பிரிவை அவரிடமே ஒப்படைத்தார்கள்.

1917-ல் அவர் செய்தது எளிமையானது. ஆவ்ரோ 504 ரக விமானத்தில் இருவருக்கும் தனித்தனிக் கட்டுப்பாடு. மாணவன்தான் ஓட்ட வேண்டும். என்ஜின் இரைச்சலில் வாத்தியார் சொல்வது காதில் விழ, நடுவே ஒரு ரப்பர் குழாய்.

அதைவிட முக்கியம், பாடம். விமானம் சில சமயம் பம்பரம் மாதிரிச் சுழன்றபடி கீழே விழும். 'அந்தப் பக்கமே போகாதே' என்பது பழைய பாடம். 'வேண்டுமென்றே சுழல விடு, பிறகு நீயே மீட்டுக் காட்டு' என்பது ஸ்மித்-பாரியின் பாடம். ஏன் விழுகிறது என்று புரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும் இல்லையா? முதலில் வாத்தியார்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அவர்கள் மூலமாக முறை பரவியது. 'காஸ்போர்ட் குழாய்' என்று பெயர் பெற்ற அந்த ரப்பர் குழாய், இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சி விமானங்களிலும் இருந்தது.

ஆபத்தை மாணவனிடமிருந்து மறைத்துவைப்பது பாதுகாப்பு அல்ல. வாத்தியார் பக்கத்தில் இருக்கும்போதே அதைச் சந்திக்க வைப்பதுதான் பாதுகாப்பு. இதைப் புரிந்துகொள்ளும் வரை எத்தனை கட்டில்கள் காலியாகியிருக்கும்!

'விங்ஸ்' படத்தை 2012-ல் புதுப்பித்து வெளியிட்டார்கள். கிடைத்தால் பாருங்கள். வானத்துச் சண்டைகள் பிரமாதம்தான். ஆனால் அந்தக் கூடாரத்தைத் தவறவிட்டுவிடாதீர்கள்.