யாழ்ப்பாணத்துப் பனையேற்றமும் ஏறுகருவித் தேடலும்

பனை ஏறுதல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. சுண்ணக்கல்லின் மேல் படர்ந்த மெல்லிய மண்ணில் கிணற்று நீரை நம்பியே பயிர் செய்யவேண்டும். நீர் ஊற்றாமல், உரம் இடாமல் தானே வளர்ந்து நின்ற பனை கூரைக்கு ஓலையும் வீட்டுக்கு வளையும் தந்தது. பாயும் பெட்டியும் இழைக்க நாரும் ஓலையும், பஞ்ச காலத்துக்கு உலர்த்திய கிழங்கான ஒடியலும் உலர்த்திய பழக்களியான பனாட்டும் அதிலிருந்தே கிடைத்தன. இம்மரத்தின் பயன்களை விரிவாகக் கூறும் வில்லியம் பெர்குசனின் ஆங்கில நூல் 1850ஆம் ஆண்டில் கொழும்பில் வெளிவந்தது. பழம் தானே விழும். கிழங்கை நிலத்தில் தோண்டி எடுக்கலாம். ஓலைக்கு எப்போதாவது ஒருமுறை ஏறினால் போதும். பாளையிலிருந்து வடியும் நீருக்கு மட்டும் நாள்தோறும் ஏறியாக வேண்டும். தொழிலின் கடினமும், கருவி தேடும் முயற்சியும் இதிலிருந்தே பிறந்தன.

வளர்ந்த பனை 20 முதல் 30 மீற்றர் வரை உயரும். கிளை இல்லை, கால் வைக்கக் கணு இல்லை. ஏறுபவர் இரண்டு கால்களையும் தளைநாரால் இணைத்துக்கொள்வார். பாதங்கள் மரத்தின் இருபுறமும் அழுந்தும்போது தளைநார் இறுகி அவை வழுக்காமல் தாங்கும். கைகள் மரத்தை அணைத்துப் பிடிக்க, கால்கள் மேலே இழுபடும். கால்கள் ஊன்றியதும் கைகள் மேலே போகும். ஒரு பிடி உடலைத் தாங்கும்போது மறுபிடி நகர்கிறது. பிற்காலத்தில் செய்யப்பட்ட ஏறுகருவிகள் பலவும் இந்த ஒழுங்கையே இரும்பில் அமைத்தன.

உச்சியை அடைந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பனையில் ஆண், பெண் என இருவகை மரங்கள் உண்டு. இரண்டின் பாளைகளும் நீர் தருவன. விரியாத பாளையைக் கட்டி, பல நாள் பக்குவமாகத் தட்டி நசுக்கிப் பதப்படுத்தவேண்டும். பின்னர் பாளைக்கத்தியால் நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, முட்டி எனப்படும் மண்கலத்தைக் கட்டுவர். சீவல் தடித்தால் பாளை வீணாகும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் அடைபட்டு நீர் நின்றுபோகும். ஆகவே காலையும் மாலையும் ஏறுவது கட்டாயம். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிக்காத கருப்பநீர் கிடைக்கும்; அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் நீர் சில மணி நேரத்திலேயே கள்ளாகிவிடும். ஒரே ஆள் ஒரு நாளில் பல மரங்களில் இருமுறை ஏறி இறங்கும் தொழில் இது. மழை நனைத்த மரமும் கிழடான பட்டையும் விழுந்து உயிரிழப்பதற்கும் உடல் முடமாவதற்கும் காரணமாயின.

இந்த உழைப்புக்கு உரிய மதிப்பு கிடைக்கவில்லை. மரம் பெரும்பாலும் நிலவுடைமையாளருக்கு உரியது; அதில் ஏறியவர்கள் சாதி அடுக்கில் கீழே தள்ளப்பட்ட சமூகத்தினர். பனை இல்லாமல் வாழ முடியாத ஊர், பனை ஏறியவரைக் கோயிலுக்கும் தேநீர்க் கடைக்கும் வெளியே நிறுத்திய அநீதி இருபதாம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் கள் இறக்குவதையும் விற்பதையும் அரசின் அனுமதிக்குள் கொண்டுவந்தது. கள் விற்கும் தவறணைகளைக் குத்தகைக்கு எடுத்தவரே வருவாயின் பெரும்பங்கைப் பெற்றார். 1970களின் தொடக்கத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவானபோது, சீவல் தொழிலாளர் தம் கள்ளைத் தாமே விற்கும் நிலை ஏற்பட்டது. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. கைதடியில் பனை ஆராய்ச்சிக்கென ஒரு நிறுவனமும் பின்னர் தோன்றியது.

அதன்பின் வந்த உள்நாட்டுப் போர்க்காலத்தில் பெருந்தொகையான பனைகள் காப்பரண்களுக்காகத் தறிக்கப்பட்டன. எறிகணைகளால் தலையிழந்தவையும் பல. இடப்பெயர்வும் புலப்பெயர்வும் தொழிலாளரைச் சிதறடித்தன. படித்த பிள்ளைகள் தந்தையின் தளைநாரை எடுக்க விரும்பவில்லை. ஆபத்தும் இழிவும் சேர்ந்த ஒரு தொழிலை விட்டு அவர்கள் விலகியதில் வியப்பில்லை. இதனால் மரம் இருந்தும் ஏற ஆள் இல்லாத நிலை குடாநாட்டில் வந்தது.

இதே தட்டுப்பாட்டைத் தென்னையில் சந்தித்த கேரளம் கருவிகளுக்கு வழிகாட்டியது. கண்ணூர் மாவட்டத்தின் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி செய்த ஏறுகருவி இந்தியா முழுவதும் பரவியது. அது இரண்டு சட்டங்களால் ஆனது. ஒவ்வொன்றும் மரத்தைக் கம்பிக் கயிற்றால் சுற்றிப் பிடிக்கும். ஒன்றில் நின்றபடி மற்றதை உயர்த்தி மாறி மாறி ஏறலாம். கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமர்ந்து ஏறும் வகையைச் செய்தது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் கேரளத்தில் தொடங்கிய ‘தென்னை மரத் தோழர்கள்’ திட்டம் இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் கருவியால் ஏறப் பயிற்சி அளித்தது. இலங்கையின் களுத்துறைக் கரையோரத்தில் வேறொரு தீர்வு நெடுங்காலமாக வழக்கில் உண்டு. அங்கே தென்னைகளின் தலைகளைக் கயிறுகளால் இணைத்து, கள் இறக்குபவர் நிலத்துக்கு இறங்காமலே மரம்விட்டு மரம் நடப்பார்.

கருவி செய்வதைப் போட்டியாக்கும் முயற்சியும் இதனுடன் வந்தது. கேரள அரசு தேங்காய் பறிக்கும் இயந்திரத்துக்குப் பரிசு அறிவித்துக் கண்டுபிடிப்பாளரை அழைத்தது. தமிழ்நாடு அரசு 2022இல் சிறந்த பனையேறும் கருவிக்கு ஒரு இலட்சம் ரூபா விருதை அறிவித்தது. பட்டறைக்காரரும் பல்கலைக்கழகத்தாரும் ஒரே சிக்கலை வெவ்வேறு வழியில் அணுக இவை இடமளித்தன.

மனிதர் ஏறாமல் இயந்திரமே ஏறும் வழியையும் சிலர் தேடினர். ஏறும் ரோபோக்களின் வரலாறு மரத்தில் தொடங்கவில்லை, சுவரில் தொடங்கியது. யப்பானியப் பொறியியலாளர் நிஷி 1960களில் காற்றை உறிஞ்சிச் சுவரில் ஒட்டும் இயந்திரத்தைச் செய்தார். இரும்புத் தொட்டிகளுக்கும் கப்பல்களுக்கும் காந்தச் சக்கரங்கள் பயன்பட்டன. இவ்விரண்டும் பனைக்கு உதவா. சொரசொரப்பான மரப்பட்டையில் வெற்றிடம் நிலைக்காது, காந்தம் ஒட்டாது. மரத்தைச் சுற்றிப் பிடிப்பதோ நகத்தால் கவ்வுவதோதான் வழி. ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழகத்தின் ‘ட்ரீபொட்’ நகங்களால் கவ்விப் புழுவைப் போல நீண்டு சுருங்கி ஏறியது. அம்ரிதா விஸ்வ வித்யாபீடம் 2020இல் அறிமுகப்படுத்திய ‘அமரன்’ தென்னையை வளையமாகச் சூழ்ந்து சக்கரங்களால் ஏறுகிறது. அதன் கை வட்ட வாளால் குலையை வெட்டுகிறது. நிலத்தில் நிற்பவர் அதை இயக்குகிறார். சோதனையில் அது 15 மீற்றர் வரை ஏறியது.

தென்னையில் வென்ற கருவி பனையில் அப்படியே வெல்வதில்லை. தேங்காய் பறிக்க ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஏறினால் போதும். பனை நாளுக்கு இருமுறை ஏறும் மரம். ஒவ்வொரு மரத்திலும் கருவியைப் பூட்டிக் கழற்ற ஆகும் நேரம் பாளைகள் நீர் தரும் பருவத்தில் தொழிலையே முடக்கிவிடும். பனையின் அடி பெருத்தது; மேலே போகப் போகச் சுற்றளவு மாறும். இளமரத்தில் மட்டையடிகளும் உச்சியில் காய்ந்த ஓலைகளும் வழியை மறிக்கும். எல்லாவற்றையும் கடந்து மேலே சென்றாலும், குலையை அறுப்பதுபோல் பாளையை அறுக்க முடியாது. நாள்தோறும் ஒரே அளவில் மெல்லியதாகச் சீவவேண்டும். பாளையின் பதத்தைக் கையால் உணரவேண்டும்.

ஆகவே பனைக்கான கருவிகள் இரண்டு திசைகளில் வளர்கின்றன. ஒன்று, மனிதரைப் பாதுகாப்பாக மேலே கொண்டுசென்று சீவும் வேலையை அவரிடமே விடுவது. இடுப்புப் பட்டியும் பாதுகாப்புக் கயிறும் கொண்ட ஏறுகருவிகள் இவ்வகையின. மற்றது, மனிதர் இல்லாமலே ஏறிச் சீவும் ரோபோ. முதலாவது இன்றே பயன் தரக்கூடியது. இரண்டாவதற்கு ஏறும் விசையைவிடச் சீவும் நுட்பமே பெரிய தடை.

மாணவரும் ஆர்வலரும் செய்யும் ஏறும் ரோபோக்களை மதிப்பிடும்போது வேகம், தாங்கும் சுமை, தடை தாண்டும் திறன் ஆகியவை பெரும்பாலும் அளக்கப்படுகின்றன. பனைக்கென ஒரு போட்டி அமைந்தால் அதன் அளவுகோல்களைத் தொழிலே தருகிறது. அடியில் பூட்டும் நேரம், மாறும் சுற்றளவைச் சமாளித்தல், மின்சாரம் தீர்ந்தாலும் விழாமல் நிற்றல், பாளையைக் காயப்படுத்தாமல் சீவுதல், ஒரு சீவல் தொழிலாளி வாங்கக்கூடிய விலை என்பன அவை. இவற்றை நன்கு அறிந்தவர் பல ஆண்டுகள் மரமேறியவரே. அவருக்கு நடுவர் இருக்கையில் இடம் அளிக்கும் போட்டியே பனைக்குப் பயன்படும் கருவியைத் தரும். நெடுங்காலம் மறுக்கப்பட்ட மதிப்பையும் அவருக்குத் தரும்.