ஆடை சொல்லும் நகர வரலாறு

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது தமிழ் மக்கள் வழங்கும் பழமொழி. ஆளை அளந்தறிய ஆடை துணைசெய்யும் என்பது அதன் கருத்து. ஆளை மட்டுமன்று, ஊரையும் அளந்தறிய ஆடை துணைசெய்யும் என்பதை வரலாறு மெய்ப்பிக்கின்றது. ஒரு நகரத்தின் தெருக்களில் மக்கள் உடுத்து உலவிய உடையில் அந்நகரின் வாணிகம், சட்டம், உழைப்பு ஆகிய மூன்றும் பதிந்து கிடக்கின்றன. மலாக்கா நீரிணையையும் அதனை அடுத்த கடல்களையும் சார்ந்த துறைமுகங்களின் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

முதலாவது வாணிகம். 15ஆம் நூற்றாண்டில் மலாக்கா, கீழ்த்திசையின் பெருஞ்சந்தையாக விளங்கிற்று. குசராத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வந்த துணிகள் அங்கு நறுமணப் பொருள்களுக்கு மாற்றாக விலைபோயின. தீவுகளில் பலர் பொன்னைக் காட்டிலும் துணியையே விரும்பிப் பெற்றனர். எந்தத் தீவினர் எந்தக் கரையை, எந்த நிறத்தை விரும்புவர் என்பதை வணிகர் வழியாக அறிந்து, அதற்கேற்பத் தமிழகக் கரையின் நெசவாளர் தறியிட்டனர். ஆகவே, மலாக்காத் தெருவின் ஆடை விருப்பம் கடல் கடந்து ஒரு நெசவாளியின் வீட்டுத் தறியையே ஆட்டிவைத்தது எனலாம்.

அத்தொடர்பின் அடையாளம் ஒரு சொல்லில் இன்றும் உயிரோடிருக்கின்றது. மலாய் ஆடவர் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் கட்டம்போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். ‘பெலிக்காட்’ என்பது பழவேற்காடேயாகும். 1613இல் ஒல்லாந்தர் கோட்டை கட்டிய அத்துறைமுகத்திலிருந்து இத்தகைய துணிகள் கப்பலேறின. பழவேற்காட்டின் வாணிகப் பெருமை மங்கிவிட்டது. அதனை நெய்தவர் பெயரைக் கூறுவாரும் இல்லை. ஆயினும், ஊர்ப்பெயர் மட்டும் துணியின் பெயராக நின்று, நாள்தோறும் உச்சரிக்கப்படுகின்றது.

இரண்டாவது சட்டம். ஒல்லாந்தர் ஆட்சிக்குட்பட்ட பத்தாவியாவில் ஒருவர் தம் இனத்துக்குரிய உடையன்றி வேறுடை அணிந்து பொதுவிடத்தில் தோன்றுவது குற்றமெனக் கருதப்பட்டது. 1872ஆம் ஆண்டு விதிகள் இதனை எழுத்திலேயே உறுதிசெய்தன. ஆளுவோர் யார், ஆளப்படுவோர் யார் என்பது தெருவில் நடக்கும்போதே கண்ணுக்குப் புலப்பட வேண்டும் என்பதே அதன் நோக்கம். அங்கு ஆடை, விருப்பத்தின் வெளிப்பாடாக இல்லாமல் ஆட்சியின் முத்திரையாக அமைந்தது.

1826இல் ஒன்றிணைக்கப்பட்ட பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களின் வாழ்க்கை வேறு வகையில் வளர்ந்தது. அங்கு வாழ்ந்த சீன வழித்தோன்றல்களான பாபா, நோன்யா மக்கள் மலாய் உடையைத் தம் உடையாக்கிக் கொண்டனர். நோன்யாப் பெண்டிர் முதலில் ‘பாஜு பாஞ்சாங்’ என்னும் நீண்ட மேலாடையை அணிந்தனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் மெல்லிய துணியாலான குட்டைக் ‘கெபாயா’ அதன் இடத்தைப் பிடிக்கலாயிற்று. தையற்பொறி பரவவே, கெபாயாவின் ஓரங்களில் பூவும் பறவையும் பல நிற நூலால் மலர்ந்தன. இடையில் சாவகத்துப் பெக்காலோங்கான் பாத்தேக், மார்பில் சங்கிலியால் இணைந்த மூன்று ‘கெரோசாங்’ ஊசிகள் என அவ்வுடை நிறைவு பெற்றது. சீனரின் குடும்ப மரபும் மலாயரின் உடையும் சாவகத்தாரின் சாயத்தொழிலும் மேனாட்டுப் பொறியும் ஓருடையில் கலந்தன.

ஒரே உடைக்குள்ளும் ஊர் வேற்றுமை உண்டு. மலாய் ஆடவரின் மேற்சட்டையில் கழுத்துப் பட்டை நிமிர்ந்து நிற்பது ‘செக்காக் மூசாங்’. பட்டையின்றி, கழுத்து விளிம்பில் கையால் நெருக்கித் தைத்த வேலைப்பாட்டோடு, பெரும்பாலும் ஒரே பொத்தானுடன் அமைவது ‘தெலுக் பெலாங்கா’. பின்னது ஜோகூருக்கு உரியதாகப் போற்றப்படுகின்றது. ஆனால், தெலுக் பெலாங்கா என்பதோ சிங்கப்பூரின் கடற்கரைப் பகுதி. ஜோகூரின் தெமெங்கோங் மரபினர் வாழ்ந்த இடம் அது. ஆட்சியிருக்கை பின்னர் ஜோகூர் பாருவுக்கு மாறியது. பழைய இருப்பிடத்தின் பெயர் சட்டையோடு தங்கிவிட்டது.

மூன்றாவது உழைப்பு. 1933இல் நீரிணைக் குடியேற்றங்களில் நடைமுறைக்கு வந்த அயலவர் சட்டம், சீன ஆடவரின் வருகையை வரையறுத்தது. பெண்டிரைத் தொடக்கத்தில் வரையறுக்கவில்லை. அக்காலத்தில் திரளாக வந்தவர்களுள் குவாங்டோங் மாநிலத்துச் சாம்சுய் பெண்டிரும் அடங்குவர். சிங்கப்பூரின் கட்டட வேலைகளில் மண்ணும் கல்லும் சுமந்த அவர்கள், மடித்துக் கட்டிய செந்துணியைத் தலையில் அணிந்தனர். அச்செந்நிறம் சிங்கப்பூரின் அடையாளமாயிற்று. பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கிலோ, ஆற்றில் ஈயமணல் அரித்த சீனப் பெண்டிர் வெயிலுக்கு அகன்ற தொப்பி அணிந்தனர். இருவரும் உழைக்க வந்தவர்களே. தொழிலும் இடமும் மாறவே தலையணியும் மாறிற்று.

நாடு விடுதலை பெற்ற பின்னரும் ஆடையும் தோற்றமும் அரசின் கருத்துக்குத் தப்பவில்லை. 1970களில் சிங்கப்பூரில் நீண்ட முடி வளர்த்த ஆடவருக்கு அரசு அலுவலகங்களில் கடைசியாகவே பணி செய்யப்படும் என்று அறிவிப்புப் பலகைகள் கூறின. மேனாட்டு இளைஞர் பாணி ஒழுக்கத்தைக் குலைக்கும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். மலேசியாவில் அரசு அலுவலர் வியாழக்கிழமைகளில் பாத்தேக் அணியும் வழக்கம் வேரூன்றியது. ஒரு நகரம் தெருப்பாணியைத் தடுத்துத் தன் எண்ணத்தைக் காட்டியது. மற்றது உள்நாட்டுத் துணியை உயர்த்தித் தன் எண்ணத்தைக் காட்டியது.

2024 டிசம்பரில் கெபாயா, யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. புருணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் அதற்காக ஒன்றுசேர்ந்து விண்ணப்பித்தன. ஒரு காலத்தில் நீண்ட மேலாடையைத் தள்ளிவிட்டு வந்த புதுப்பாணி, இன்று காக்கப்பட வேண்டிய மரபாக மதிக்கப்படுகின்றது. மரபு என்பது நேற்றைய புதுமையே என்னும் உண்மைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இளையோரின் உடையைக் கண்டு முகஞ்சுளிக்கும் பெரியோரும், முன்னோரின் உடையைக் கண்டு நகைக்கும் இளையோரும் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். இன்று ஒரே சட்டை எல்லா நகரங்களிலும் ஒரே நாளில் விற்பனைக்கு வருகின்றது. உடையில் ஊர் தெரியாத காலம் நெருங்கிக் கொண்டிருக்கின்றது. கைலிக் கடையில் ‘பெலிக்காட்’ என்னும் சொல் காதில் விழும்போது, அதனுள்ளே ஒரு தமிழ்த் துறைமுகமும் பெயர் மறந்துபோன ஆயிரம் நெசவாளரும் இருப்பதை மாணவர் அறிந்திருப்பாராயின், அவ்வூர் முற்றும் மறைந்துவிடாது.